மூன்றாவது மாடியிலிருந்து கோவைக்கு: பேக்கர்ஸா, பார்ட் லோடா, தனி லாரியா?

கேள்வி:

பெரம்பூரில் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கிறோம். கணவருக்குக் கோவைக்கு மாற்றல். ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கணபதி பக்கம் தரைத்தளத்தில் வீடு பார்த்தாகிவிட்டது. மே கடைசிக்குள் நானும் மகளும் மாமியாரும் சாமான்களோடு போக வேண்டும். ஜூனில் மகளுக்குப் பள்ளி திறந்துவிடும். இரண்டு கட்டில், அம்மா கொடுத்த தேக்கு அலமாரி, கண்ணாடி வைத்த இரும்பு பீரோ, சோபா, சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., டி.வி., கிரைண்டர், ஸ்கூட்டர், கணவரின் புத்தகங்கள், அப்புறம் எல்லா வீட்டிலும் இருக்கிற பாத்திரம் பண்டம்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் ஒன்று நேரில் வந்து பார்த்துவிட்டு 38,000 ரூபாய் என்றது. இணையத்தில் பதிவு செய்ததும் போன் செய்த ஒருவர், வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றினால் 19,000தான் என்கிறார். இன்றே 2,000 அனுப்பினால்தான் அந்த விலை நிற்குமாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்த லாரிக்காரர் வண்டி வாடகை மட்டும் 22,000 என்கிறார். எதை எடுப்பது? நல்ல நாளில்தான் சாமான் ஏற வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். மொட்டை மாடியில் இருபது பூந்தொட்டிகள் வேறு இருக்கின்றன.

ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

19,000 ரூபாய்க்காரருக்கு அந்த 2,000 ரூபாயை அனுப்பாதீர்கள். மற்ற இரண்டில் எது என்பதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் சர்வேயர். லாரியில் போன சாமான் உடைந்தாலோ நனைந்தாலோ நேரில் பார்த்து, ஏன் ஆயிற்று, எவ்வளவு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் வீடு மாற்றுகிற யார் கேட்டாலும் நான் முதலில் விலையைப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலிலிருந்து புது வீட்டு வாசல் வரைக்கும் சாமான் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவேன். வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது நடக்கிற சேதம் குறைவு. தூக்கும்போதும், திருப்பும்போதும், ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போதும் நடப்பதே அதிகம்.

தனி லாரி என்றால் இரண்டே தடவை. பெரம்பூரில் ஏறும், கணபதியில் இறங்கும். சேர்த்து ஏற்றுகிற பார்ட் லோடில் அப்படி இல்லை. உங்கள் வீட்டில் ஒரு சின்ன வண்டியில் ஏறும், ஊருக்கு வெளியே ஏதோ ஒரு குடோனில் இறங்கும். கோவைப் பக்கம் போகிற மற்ற வீட்டுச் சாமான்கள் சேருகிற வரை அங்கேயே கிடக்கும். அப்புறம் பெரிய லாரியில் ஏறி, கோவைக் குடோனில் இறங்கி, மறுபடி சின்ன வண்டியில் ஏறி உங்கள் வாசலில் இறங்கும். ஆக மொத்தம் ஆறு தடவை, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு ஆட்கள். நடுவில் ஒரு அட்டைப்பெட்டி காணாமல் போனால் எந்த இடத்தில் போனது என்று சொல்ல யாராலும் முடியாது. என்றைக்கு வந்து சேரும் என்பதற்கும் உறுதி கிடையாது. பள்ளி திறக்கிற வாரத்தில் சீருடையும் புத்தகமும் குடோனில் கிடந்தால் என்ன செய்வீர்கள்?

பார்ட் லோடே தப்பு என்று சொல்லவில்லை. ஒரு கட்டில், ஒரு பைக், பத்துப் பெட்டியோடு வேலைக்குப் போகிற தனி ஆளுக்கு அது சரியான வழி. அரை வண்டிச் சாமானுக்கு முழு வண்டி வாடகை கொடுப்பானேன்? உங்கள் சாமான் ஒரு வண்டியை நிரப்பிவிடும். நிரப்புகிற அளவுக்கு இருக்கும்போது பகிர்ந்து ஏற்றுவதால் உண்மையில் மிச்சமாவது கொஞ்சம்தான். அப்படியிருந்தும் ஒருவர் பாதி விலை சொல்கிறார் என்றால், அவர் உங்கள் பட்டியலைச் சரியாகக் கேட்கவில்லை. அல்லது ஏற்றிய பிறகு விலையைக் கூட்டும் திட்டத்தில் இருக்கிறார். போன் செய்தவர் வண்டிக்காரர்கூட இல்லை, உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றி விடுகிற தரகர் என்றே படுகிறது. வீட்டைப் பார்க்காமல், வீடியோவில்கூடக் காட்டச் சொல்லாமல் விலை சொன்னதும், இன்றே பணம் என்று அவசரப்படுத்துவதும் அதற்கு அடையாளம்.

இனி தனி லாரி. 22,000 என்றதும் 38,000ஐவிட நிறையக் குறைவாகத் தெரிகிறது. அது வண்டி வாடகை மட்டும்தான். மேலே வருவதைக் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது மாடியிலிருந்து மாடிப்படி வழியாக இறக்க நாலு லோடுமேன் வேண்டும். மாடிக்குத் தனியாகக் கேட்பார்கள், 6,000 வையுங்கள். கோவையில் இறக்குகூலி 3,500. அட்டைப்பெட்டி, பபுள் ரேப், டேப், சாக்கு எல்லாம் 3,000. இதற்கே 34,500 ஆகிவிட்டது. டோலும் டிரைவர் பேட்டாவும் வாடகைக்குள் அடக்கமா என்று கேட்டீர்களா? இல்லையென்றால் அதுவும் சேரும். கூலியெல்லாம் நான் தோராயமாகப் போட்டது, உங்கள் பகுதியில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற 16,000 இல்லை, 38,000க்குள் வரியும் அடக்கம் என்றால் நாலைந்தாயிரத்துக்குள் வந்து நிற்கும் என்பதுதான் என் கணக்கு.

அந்த நாலைந்தாயிரத்தை மிச்சம் பிடிக்க, பெட்டி கட்டுவது, ஆள் பிடிப்பது, ஏற்றும்போது கீழே வண்டியருகே ஒருவர், மேலே வீட்டில் ஒருவர் நிற்பது, கோவையில் லோடுமேன்களை ஏற்பாடு செய்வது என எல்லாம் உங்கள் தலையில் விழும். கணவர் ஊரில் இல்லை. மாமியாரையும் கவனிக்க வேண்டும். மச்சினர், தம்பி என்று நாலு பேர் இரண்டு நாள் கூட நிற்கிற வீடாக இருந்தால் யோசிக்காமல் லாரியை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் நிலைமையில் ஒரே நிறுவனத்திடம் பேக்கிங் முதல் இறக்குவது வரை விடுவதுதான் நல்லது. கொடுக்கிற கூடுதல் பணம் பொறுப்புக்கு. பேக்கிங் ஒருவர், லாரி ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தால், உடைந்த பிறகு அவர் இவரைச் சொல்வார், இவர் அவரைச் சொல்வார். எனக்கு வருகிற தகராறுகளில் பாதி இந்த வகை.

முடிவெடுக்கும் முன் கணவரிடம் ஒன்று கேளுங்கள். மாற்றலுக்கு அலுவலகம் செலவைத் திருப்பித் தருகிறதா? தருகிறது என்றால் எந்த மாதிரி பில் வேண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சில அலுவலகங்கள் ஜி.எஸ்.டி. பில்லும் எல்.ஆர். என்கிற லாரி ரசீதின் நகலும் கேட்கும். சில இடங்களில் ஐ.பி.ஏ. பட்டியலில் உள்ள டிரான்ஸ்போர்ட்டின் பில்தான் செல்லும். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரின் லாரி தானாகவே விலகிவிடும். ஐ.பி.ஏ. என்பது இந்திய வங்கிகள் சங்கம். லாரி ரசீதை வைத்துக் கடன் கொடுக்கிற வங்கிகளின் பாதுகாப்புக்காக அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வீட்டுச் சாமானை நன்றாகக் கட்டுவார்கள் என்பதற்கான சான்றிதழ் அல்ல அது. பட்டியலில் இல்லாத பலரும் விசிட்டிங் கார்டில் அதைப் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் கார்டை நம்பாமல் பட்டியலைப் பாருங்கள்.

சரி, 38,000 ரூபாய்க்காரரிடம் போவோம். நேரில் வந்து பார்த்துவிட்டு விலை சொன்னது நல்ல அறிகுறி. ஆனாலும் அந்தக் கொட்டேஷனை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுத்தில் வாங்க வேண்டியவை இருக்கின்றன. முதலில் ஜி.எஸ்.டி. அடக்கமா என்று கேளுங்கள். பேக்கிங்கும் போக்குவரத்தும் சேர்ந்த சேவைக்கு 18 சதவீதம். தனி என்றால் 6,840 ரூபாய் கூடி 44,840 ஆகிவிடும். மாடிக் கட்டணம், டோல், கோவையில் இறக்குவது, கட்டிலையும் மேசையையும் கழற்றிப் பூட்டுவது எல்லாம் அடக்கம் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். ஏ.சி.யைக் கழற்றி மாட்டுவது பெரும்பாலும் அடக்கமாக இருக்காது. அதற்கு உங்கள் வழக்கமான மெக்கானிக்கை வைத்துக்கொள்வதே மேல். கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுக் கழற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோவையில் கேஸ் நிரப்புகிற செலவு வரும்.

அடுத்தது வண்டி. “முழு வண்டியும் எங்களுக்கு மட்டும், வழியில் வேறு வண்டிக்கு மாற்றக் கூடாது” என்ற வரி கொட்டேஷனில் இருக்க வேண்டும். தனி வண்டிக்கான பணத்தை வாங்கிக்கொண்டு குடோனில் இறக்கிப் பார்ட் லோடாக அனுப்புகிறவர்களும் உண்டு. வண்டி எண்ணையும் டிரைவர் எண்ணையும் ஏற்றுவதற்கு முதல் நாளே வாங்கிவிடுங்கள். வந்து நிற்கிற வண்டி அதுதானா என்று பார்த்து, ஏற்றி முடித்ததும் பின்கதவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் வேறு எண் வண்டி வந்தால் அதுவே சாட்சி.

அளவைப் பொறுத்தவரை, குட்டி யானை என்கிற டாடா ஏஸோ, டாடா 407ஓ உங்கள் சாமானுக்குப் போதாது. 14 அடி ஐச்சர் லாரியில் திணித்தால் கொள்ளும், ஆனால் திணிப்பதுதான் ஆபத்து. ஸ்கூட்டரும் தேக்கு அலமாரியும் இருப்பதால் 17 அடி கேளுங்கள். திறந்த வண்டியில் தார்பாய் போடுகிறேன் என்றால் வேண்டாம், மூடிய கண்டெய்னர் பாடிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். மே கடைசியில் கோடை மழை எங்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மெத்தை ஒருமுறை நனைந்தால் அவ்வளவுதான்.

அந்த நீள வண்டி உங்கள் தெருவுக்குள் வருமா? பெரம்பூரில் பல தெருக்களில் வண்டி திரும்பாது, கேபிள் வயரும் தாழ்ந்து தொங்கும். சர்வேக்கு வந்தவர் தெருவைப் பார்த்தாரா, வீட்டை மட்டும் பார்த்தாரா என்று கேளுங்கள். மெயின் ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டுக் குட்டி யானையில் நாலு நடை அடிக்க வேண்டியிருந்தால், அதற்கான பணமும் இப்போதே பேசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சாமான் நடுத்தெருவில் இருக்கும்போது பேச ஆரம்பிப்பார்கள். பெரிய லாரிகளுக்கு நகருக்குள் பகல் நேரக் கட்டுப்பாடும் உண்டு. வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை இதையும் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

இன்னொரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கோவையில் யார் இறக்குவார்கள்? சென்னையில் பதமாகக் கட்டி ஏற்றிய ஆட்கள் வண்டி கிளம்பியதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே டிரைவர் வழியில் யாரையோ கூட்டிக்கொண்டு வருவார். எந்தப் பெட்டியில் கண்ணாடி இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏற்றிய ஆட்களில் இரண்டு பேராவது வண்டியிலேயே வர வேண்டும் என்று பேசுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். நான் பணம் செலவழிக்கச் சொல்கிற இடம் இது ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் லாரிக்கே போங்கள், ஆனால் ஒரு யோசனை. கோவையிலிருந்து சென்னைக்குச் சரக்கு ஏற்றிவந்து, திரும்பிப் போக லோடு தேடி நிற்கிற வண்டிகள் நிறைய இருக்கும். காலியாகப் போவதைவிடக் குறைந்த வாடகைக்கு வருவார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதவரம் லாரி முனையத்தில் யாரையாவது அனுப்பி விசாரியுங்கள். டி.என். 37, 38, 66, 99 என்று எண் தொடங்கினால் கோவை வண்டி. ரிட்டன் வண்டி என்றால் 22,000க்கு நன்றாகக் கீழே பேசலாம். டிரைவருக்குக் கோவைத் தெருக்களும் தெரிந்திருக்கும். ஒரே சிக்கல், அவர்கள் லோடு இறக்கி முடிக்கிற நாள்தான் உங்களுக்குக் கிடைக்கிற நாள்.

அதனால் மாமியாரின் நல்ல நாள் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய விருப்பத்தைத் தட்ட வேண்டியதில்லை, இரண்டாகப் பிரித்துவிட்டால் போதும். நல்ல நாளில் கோவை வீட்டில் பால் காய்ச்சிவிடுங்கள். கணவர் அங்கேதானே இருக்கிறார். நீங்களும் மாமியாரும் ரயிலில் போய், சாமி படமும் உப்பும் மஞ்சளும் வைத்துவிட்டுத் திரும்பலாம். சாமான் அதற்கப்புறம் ஏதாவது ஒரு புதன், வியாழனில் ஏறட்டும். வைகாசி முகூர்த்த நாளும் மாதக் கடைசியும் ஞாயிறும் சேர்ந்தால் வண்டி கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் அன்றைக்கே இரண்டாவது வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் கட்டுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் இதே ஆட்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், விலையும் இறங்கியிருக்கும். உங்களுக்குப் பள்ளி இருப்பதால் அந்த வழி இல்லை.

எதை அவர்களிடம் கட்டக் கொடுப்பது, எதை நீங்களே கட்டுவது? துணி, மெத்தை விரிப்பு, எவர்சில்வர் பாத்திரம், புத்தகம் ஆகியவற்றை நீங்கள் கட்டுங்கள், அதைச் சொல்லி விலையையும் குறைக்கக் கேளுங்கள். புத்தகத்தைச் சின்னப் பெட்டிகளில் மட்டும் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் மூன்றாவது மாடிப்படியிலேயே அடி கழன்றுவிடும். உடையக்கூடிய எதையும் நீங்கள் கட்டாதீர்கள். சொந்தக்காரர் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் “பேக்கிங் சரியில்லை” என்று பேக்கர்ஸ் நிறுவனமும் கைவிரிக்கும், இன்சூரன்ஸும் கைவிரிக்கும். போதாத பேக்கிங்கால் வந்த சேதம் பாலிசியில் விலக்கப்பட்ட ஒன்று.

என் அனுபவத்தில் கண்ணாடி டம்ளர்கள் அவ்வளவாக உடைவதில்லை, எல்லோரும் அதைப் பயந்து பயந்து தூக்குவார்கள். அடிபடுவது உறுதியானது என்று நினைக்கிற சாமான்தான். இரும்பு பீரோவைத் துணியோடு அப்படியே தூக்குவார்கள். கீல் முறுக்கிக்கொண்டு கதவு அப்புறம் மூடாது. காலி செய்துவிட்டு, கண்ணாடிக்கு மேல் அட்டை கட்டச் சொல்லுங்கள். தேக்கு அலமாரிக்குக் கால்தான் எமன். தரையில் இழுத்தால் கால் பிளந்துவிடும். நாலு பேர் தூக்க வேண்டும், வண்டியில் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்புமா என்று அளந்து பாருங்கள். ஏறும்போது எப்படி ஏற்றினீர்களோ அதே வழிதான். மரநாரை அழுத்தி உருவாக்கும் எம்.டி.எஃப். பலகையில் செய்த கட்டிலாக இருந்தால் கழற்றி மாட்டும்போது திருகு பிடிக்காமல் போகலாம், இதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள், படுக்க வைத்து ஏற்ற விடாதீர்கள், போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் கழித்தே போடுங்கள். வாஷிங் மெஷின் முன்கதவு வகையா? வாங்கும்போது டிரம்மைப் பிடித்து வைக்க நீளமான போல்ட்டுகள் கொடுத்திருப்பார்கள். அவற்றைத் தேடி எடுத்து மாட்டுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் கட்டி வண்டியின் தரையில் வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் என்ற பெயரில் பேக்கர்ஸ் நிறுவனம் உங்களிடம் சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்கும். 3 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு 9,000 ரூபாய். அந்தப் பணம் உண்மையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறதா என்பதே கேள்வி. பல சமயம் போவதில்லை, கொட்டேஷனில் ஒரு வரியாக மட்டும் இருக்கும். ஏற்றுவதற்கு முன் உங்கள் பெயர், பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் உள்ள சான்றிதழைக் காட்டினால் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தை நேரடியாகக் கேட்டு ஒரு பயணத்துக்கான டிரான்சிட் பாலிசி எடுக்க முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் செலவு குறையும்.

சான்றிதழ் கையில் வந்ததும் அதில் எந்த ஷரத்து, அதாவது எந்த அளவு பாதுகாப்பு என்று பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று உண்டு. சி என்றால் தீயும் இடியும் மட்டும். பி என்றால் அவற்றோடு வண்டி மோதியது, கவிழ்ந்தது, பாலம் இடிந்தது போன்றவை. ஏற்றி இறக்கும்போது டி.வி. உடைந்தால் பி-யில் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது ஏ. அதிலும் பழைய வீட்டுச் சாமானுக்குக் கீறல், நசுங்கல், வெளியே அடி எதுவும் தெரியாமல் மெஷின் வேலை செய்யாமல் போவது ஆகியவற்றை விலக்கி எழுதுவது வழக்கம். நகையும் பணமும் பத்திரங்களும் எதிலும் அடங்காது, அவை உங்கள் கைப்பையில்தான் வர வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் டிரான்ஸ்போர்ட்டுக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும், அதன் 2011 விதிகளும்தான் இப்போது நடப்பில் இருக்கின்றன. அதன்படி சேதத்துக்கான பொறுப்பு, நீங்கள் கொடுக்கிற வாடகையைப் போல் பத்து மடங்கு வரை, ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த சாமான் மதிப்பைத் தாண்டாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சதவீதக் கணக்கில் பணம் மிச்சம் பிடிக்க “மதிப்பு 50,000 என்று போடுங்கள்” என்பார்கள். போட்டால் லாரியே எரிந்தாலும் அந்த 50,000தான் பேச்சு. பொருள்வாரியாக உண்மையான மதிப்பை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்.ஆர். மேல் “ஓனர்ஸ் ரிஸ்க்” (சேதம் உரிமையாளர் பொறுப்பு) என்று முத்திரை குத்தியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அந்த வாசகம் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து டிரான்ஸ்போர்ட்டை விடுவிக்காது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். புக்கிங்குக்குப் பத்து சதவீதம், ஏற்றி முடித்ததும் பாதி, மீதி கோவையில் இறக்கிய பிறகு. ஏற்றியவுடன் தொண்ணூறு சதவீதம் என்பார்கள். பேசினால் இறங்கி வருவார்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், யாருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது, இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். பிரபல நிறுவனத்தின் பெயரை முன்னும் பின்னும் கொஞ்சம் மாற்றிப் போர்டு வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். வழியில் போன் செய்து “இ-வே பில் போட வேண்டும், பணம் அனுப்புங்கள்” என்றால் அனுப்பாதீர்கள். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு அது, பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குத் தேவையே இல்லை.

இறக்குகிற அன்று கணவர் லீவு போட்டேயாக வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் எழுதி, அதே எண்ணுள்ள பட்டியலை ஒருவர் வாசலில் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே வரட்டும். ஏதாவது உடைந்திருந்தால் டெலிவரி ரசீதிலேயே “அலமாரி கால் பிளந்துள்ளது” என்பது போல எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். “எழுத வேண்டாம், ஆபீஸில் பேசிக்கலாம்” என்பார்கள். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் என்னைப் போன்ற ஆள் வந்து பார்த்தும் எழுத ஒன்றும் இருக்காது. உடைந்த பொருளை அதன் பேக்கிங்கோடு படம் எடுங்கள், பெட்டியை உடனே தூக்கிப் போடாதீர்கள்.

நஷ்ட ஈடு கேட்பதானால் எழுத்து மூலமான நோட்டீஸ், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். போனில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்துப் பார்க்கலாம், பல விஷயங்கள் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு கூடுதல் பணம் கேட்டால் அது வேறு விஷயம். கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு 100க்குப் போன் செய்யுங்கள்.

ஸ்கூட்டர் அதே வண்டியில் வரட்டும். பெட்ரோலை வடித்துவிட்டு, கண்ணாடிகளைக் கழற்றி, கடைசியில் ஏற்றி நிமிர்த்திக் கட்டச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் ரயில் பார்சலில் போடலாம், ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொண்டால், கோவையில் அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம். சென்னையில் கடைசி இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வெளியே வைத்திருங்கள்.

பூந்தொட்டிகளை நான் ஏற்றச் சொல்ல மாட்டேன். ஈர மண்ணோடு இருபது தொட்டி என்றால் நல்ல கனம். மூடிய கண்டெய்னரில் மே மாத வெக்கையில் ஒரு இரவும் ஒரு பகலும் செடி தாங்காது. தொட்டி கவிழ்ந்தால் மண்ணும் தண்ணீரும் மெத்தையில்தான் போகும். பேக்கர்ஸ் நிறுவனத்தின் பட்டியலிலும் செடிகளுக்குப் பொறுப்பு இல்லை என்று எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மல்லிகை, செம்பருத்தி, ரோஜாவிலிருந்து குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கையோடு கொண்டு போகலாம், துளசிக்கு விதை போதும். தொட்டிகளைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கணபதியிலேயே நர்சரிகள் இருக்கும், அங்கே வாங்குவது லாரி வாடகையைவிட மலிவு.